அப்பா எழும்பி நின்ற பாட்டு

பேஸ் கிற்றார் வாசிக்கிறவனை ஒருவரும் பார்ப்பதில்லை. பாடுகிறவரைப் பார்ப்பார்கள். ட்ரம்ஸ் அடிக்கிறவனைப் பார்ப்பார்கள். மேடையில் வயர் இழுத்துக்கொண்டு குறுக்கே போகிற சவுண்ட் சேர்விஸ் அண்ணையைக்கூடப் பார்ப்பார்கள். பேஸ்காரன் பாட்டுக்கு ஒரு ஓரத்தில் நிற்கலாம். பிழையாக வாசித்தாலும் "கரண்ட் சரியில்லைப் போல" என்று சனம் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொள்ளும். என்னைப் போன்ற கூச்ச சுபாவக்காரனுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் இல்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டே ஒரு மண்டபம் முழுவதையும் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தேன் என்றால், என்னிடம் ஏதோ ஒரு தனித் திறமை இருக்கத்தான் வேண்டும்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

நான் முகுந்தன், ஊர் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய். பகலில் ரியூசனில் கணக்குப் படிப்பித்தேன், மிச்ச நேரத்தில் பேஸ் வாசித்தேன். அப்பா புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்கிறவர், எங்கள் பிள்ளையார் கோயிலின் பரிபாலன சபைத் தலைவர். எங்கள் வீட்டுக்கு இசை என்பது விடியக்காலை கோயில் ஒலிபெருக்கியில் இருந்து வரும். அதற்கு மேல் யாரும் ஆசைப்பட்டதில்லை.

எங்கள் குழுவின் பாடகி கிருபா, ஊர் கொழும்புத்துறை. கடலேரிக் கரையோரம் வீடு, மிஷன் சபைக் குடும்பம். தகப்பன் கப்பலில் வேலை செய்தவர். போன இடமெல்லாம் பாட்டுக் கசெற் வாங்கிச் சேர்த்தவர். இப்போது அவர் இல்லை, கசெற்றுகள் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன. சின்ன வயதிலிருந்து அவற்றைக் கேட்டு வளர்ந்த கிருபா, தமிழில் எட்டுப் பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தாள். கேட்டவுடன் வாயில் ஒட்டுகிற மெட்டு. மேலே கிற்றார் கொஞ்சம் முரடாக இரையும். அடியில் ஓடுவது மட்டும் தகப்பனின் கசெற்றுகளில் இருந்த, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய சோல் பாட்டுகளின் நடை. பொறுமையாக வரும், வந்து நெஞ்சுக்குள் குந்திக்கொள்ளும். தொகுப்புக்குப் பெயர் 'கொழும்புத்துறைக் காற்று'.

பாட்டு அவளுடையது, குரல் அவளுடையது, கிற்றார் அவளுடையது. ட்ரம்ஸ் எங்கள் சிநேகிதன் ஜெறி. எனக்குப் பேஸ் போதாதென்று, தயாரிப்பாளர் என்ற பதவியையும் நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன். (தகுதி: யூடியூப்பில் சோல் இசையின் வரலாறு பற்றிய வீடியோக்கள். அதிலும் பாதி, நெற் இழுத்ததால் இடையில் நின்றவை.)

"சோல் எண்டால் பின்னாலை மூண்டு பொம்பிளையள் நிண்டு பாடவேணும்," என்று ஒருநாள் தீர்ப்புச் சொன்னேன். "அது தேவாலயத்திலை பிறந்த இசை. பாடகர் குழுவிலை பழகின குரலாய் இருக்கவேணும்."

"அதுக்கு எங்கை போறது?" என்றான் ஜெறி.

போக வேண்டியிருக்கவில்லை. நாங்கள் பயிற்சி செய்ததே கிருபா வீட்டு ஹோலில். அவளுடைய அம்மா ரஞ்சி ரீச்சர்தான் அவர்களுடைய சபையில் முப்பது வருடமாக ஓர்கன் வாசிப்பவர். ரீச்சரின் தங்கைமார் பவளம் அன்ரியும் ஜீவா அன்ரியும் அதே பாடகர் குழு. மகள் இரண்டு பெடியன்களோடு ஹோலுக்குள் இருந்து காதல் பாட்டுப் பாடுவதைக் குசினிக்குள் இருந்து கண்காணித்துக் களைத்துப் போயிருந்தார்கள். ஹோலுக்குள்ளேயே இடம் தருகிறோம் என்றதும் மூன்று பேரும் உடனே ஓம் சொன்னார்கள். ரீச்சர் கீபோர்ட்டில் ஓர்கன் சத்தத்தை வைத்து வாசிப்பார், மூவரும் சேர்ந்து பின்குரல் பாடுவார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, என்ன குரல்கள்! முதல் நாள் அவர்கள் "ஊ..." என்று எடுத்தபோது எனக்குக் கண் கலங்கியது. பஸ்ஸில் வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் விட்ட ஒருவனைப் பற்றிய பாட்டு அது. கிருபா கடைசி வரியைப் பாடி முடித்தாள். ஒரு கணம் அமைதி. அதற்குப் பிறகு மூன்று குரலும் அழகாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கின.

"ஆ...மென்."

ஜெறி தடியைக் கீழே போட்டுவிட்டான்.

"ரீச்சர்," என்றேன், "முடிவிலை அந்த ஆமென் வேண்டாம்."

"எந்த ஆமென்?"

"இப்ப பாடினியளே."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நாங்கள் பாடேல்லையே தம்பி," என்றார் பவளம் அன்ரி.

ஜெறி போனில் பதிந்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினான். மூவரும் குனிந்து கேட்டார்கள். ஜீவா அன்ரியின் முகம் மலர்ந்தது. "நல்லாய் விழுந்திருக்கு, என்ன அக்கா?"

அவர்களைக் குறை சொல்ல முடியாது. சபையில் எந்தப் பாட்டும் ஆமென் இல்லாமல் முடிந்ததில்லை. பிறந்ததிலிருந்து அப்படியே பாடிய வாய். அடுத்த முறை பாடமாட்டோம் என்றார்கள், பாடினார்கள். அதற்கடுத்த முறை ஜீவா அன்ரி வாயைக் கையால் பொத்திக்கொண்டார், மற்ற இருவரும் பாடினார்கள். கடைசியில் பவளம் அன்ரி என்னைக் கூப்பிட்டு நியாயத்தைச் சொன்னார். "தம்பி, ஒரு பாட்டை அந்தரத்திலை விட்டிட்டுப் போகேலாது. அதை எங்கையாவது இறக்கி வைக்கவேணும்."

ஒலிப்பதிவில் வெட்டிவிடலாம்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். வெட்டலாம், தயாரிப்பாளர் வேறு ஆளாக இருந்திருந்தால். நான்தான் பழைய காலத்து முறையில் எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்துப் பதியவேண்டும் என்று அடம்பிடித்தேனே. விளைவு, மூன்று பேரின் ஆமெனும் என் மைக்கிலும் விழுந்தது, ஜெறியின் மைக்கிலும் விழுந்தது, கிருபாவின் மைக்கில் ஆக நன்றாக விழுந்தது. அதனால் எட்டுப் பாட்டையும் முடிகிற இடத்துக்கு முன்பே சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து மறையச் செய்தேன். "பழைய இசைத்தட்டிலை இப்பிடித்தான் வரும், அந்த உணர்வு வேணும்," என்று கிருபாவிடம் விளக்கமும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தப் பார்வையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அதற்குள் நானும் கிருபாவும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஹோலுக்குள் மூன்று காவல்காரரை வைத்துக்கொண்டு அது எப்படி நடந்தது என்று இன்றைக்கும் ரீச்சர் கேட்கிறார். ரீச்சருக்கு அப்போது என் மேல் ஒரு சந்தேகமும் இல்லை. "முகுந்தன் தங்கமான பிள்ளை. ஒரு பொம்பிளைப் பிள்ளையைத் தலை நிமிர்ந்து பாக்காது," என்று அயலெல்லாம் சொல்லிவைத்திருந்தார். (தலை நிமிர்ந்தால் விரல் பிழைக்கும். பேஸ்காரரின் ஒழுக்கம் பெரும்பாலும் அந்த வகைதான்.)

என் வீட்டில் நான் சொல்லியிருந்தேன். அப்பா தோட்டத்தில் வெங்காயப் பாத்திகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது, தைரியத்தைத் திரட்டிச் சொன்னேன். அவர் அந்தப் பாத்தி நிறையும் வரை தண்ணீரையே பார்த்தார். பாத்தியின் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததைத் திறந்துவிட்டுத்தான் கேட்டார்.

"ஆற்றை பிள்ளை?"

"கொழும்புத்துறை, ரஞ்சி ரீச்சரின்ரை மகள். வேதக்காரர்."

"ம்."

அந்த 'ம்' பல வாரம் நீடித்தது. சாப்பிடும்போது ம், கோயிலுக்குப் போகும்போது ம். அம்மாதான் தாங்க முடியாமல், "பிள்ளையை ஒருக்காவாவது வந்து பாருங்கோவன். பாட்டு வெளியீடாம்," என்று தொடங்கினார். அப்பா செம்பை வைத்துவிட்டு, தீர்மானம் நிறைவேற்றுகிற குரலில் சொன்னார்:

"வாறன். முதல் பாட்டு முடியுமட்டும் இருப்பன். மனம் ஒப்பினால் மிச்சத்துக்கும் இருப்பன். ஒப்பாட்டி எழும்பி வந்திடுவன். அதுக்குப் பிறகு இந்த வீட்டிலை உந்தக் கதை எடுக்கப்படாது."

என் அப்பா சொன்னால் சொன்னதுதான். வேலிச் சண்டையில் பெரியப்பா வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று ஒரு முறை சொன்னவர், பெரியப்பா மகளின் கலியாணத்தைப் படலைக்கு வெளியே கதிரை போட்டு இருந்து பார்த்தவர்.

நிபந்தனையைக் கிருபாவிடம் சொன்னேன். அவள் கிற்றார் நரம்பை முறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"எழும்பினாரெண்டால்?"

"எழும்பமாட்டார்."

"எழும்பினாரெண்டால் பேசாமல் வாசியும். பிறகு பாப்பம். அம்மாவுக்கு நான்தான் சொல்லுவன், எல்லாம் முடிஞ்சு ஒரு நல்ல நேரம் பாத்து. அதுமட்டும் நீர் வாய் திறக்கப்படாது. விளங்குதோ?"

"ஓம்."

இந்த 'ஓம்' எத்தனை பெறுமதியானது என்று பிறகு பார்த்தோம்.

வெளியீடு ஒரு பழைய பள்ளிக்கூட மண்டபத்தில். இசைத் தொகுப்பு வெளியீடு எப்படி நடத்துவதென்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. புத்தக வெளியீடு தெரியும், யாழ்ப்பாணத்தில் தடுக்கி விழுந்தால் புத்தக வெளியீட்டில்தான் விழவேண்டும். ஆகவே அதே முறையில் செய்தோம். மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற அதிபர், இக்கால இளைஞர் எவ்வாறு மேலைத்தேய இசையால் கெட்டுப்போகின்றனர் என்று விரிவாக விளக்கி, எங்களை வாழ்த்தி அமர்ந்து, அமர்ந்த உடனேயே நித்திரையாகிவிட்டார். தொகுப்பு இணையத்தில்தான் வருகிறது, கையில் கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் முதற் பிரதி கொடுக்காமல் வெளியீடா? ஒரு பென் டிரைவைத் தாம்பாளத்தில் பட்டு விரித்து வைத்துக் கொடுத்தோம். பெற்றுக்கொண்ட நீர்வேலி வாழைக்குலை முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை எங்கை குத்துறது?" என்று ஒலிவாங்கியிலேயே கேட்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. இடது பக்கம் ரீச்சரின் சபை ஆட்கள். வலது பக்கம், வான் பிடித்து வந்திறங்கிய எங்கள் ஊர். அப்பா இரண்டாவது வரிசையில், நடைபாதைக்கு அருகில், வெள்ளை வேட்டி சால்வையோடு இருந்தார். எழும்பிப் போக வசதியாக அந்தக் கதிரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. என் உடுப்பைச் சொல்லவில்லையே. பழைய சோல் குழுக்கள் மாதிரி இருக்கவேண்டும் என்று கீழே அகன்ற களுசானும் கடுகு நிறக் கோட்டும் தைப்பித்திருந்தேன். தைத்தவர் மாப்பிள்ளைக் கோட்டு மட்டுமே தைத்துப் பழகியவர். வியர்வையில் மேடை ஏறுமுன்பே பாதி ஆளாகிவிட்டேன்.

இனி நடந்ததை, பிறகு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதற் பாட்டு 'மெல்லக் கதையும்'. இரண்டு பேர் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று இரகசியமாகக் கதைக்கிற பாட்டு. கிருபா எழுதியதில் எனக்கு ஆகப் பிடித்தது.

மெல்லக் கதையும், மெல்லக் கதையும்,
வேலிக்கும் காதிருக்கு.

ரீச்சர் ஓர்கனில் தொடக்க இசையை வாசித்தார். மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், முப்பது வருடப் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. சபையில் பாட்டுக்கு முன் வாசிக்கிற அதே கம்பீரத்தோடு வாசித்து, கடைசிச் சுரத்தைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்தார். சபையில் அதற்கு ஒரு பொருள் உண்டு. எல்லோரும் எழுந்து நின்று பாடுங்கள் என்று பொருள்.

இடது பக்கம் முழுவதும் எழுந்து நின்றது.

வலது பக்கம் எங்கள் ஊர்ச்சனம் திகைத்துப்போனது. இந்த மாதிரிப் பாட்டுக்கு இதுதான் முறை போலும், நாம் இருந்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்து அவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அம்மா எழுந்தார். கடைசியாக அப்பா எழுந்தார். முன் வரிசைப் பிரமுகர்கள் மட்டும் என்ன நடக்கிறதென்று தெரியாமல் கதிரையிலேயே இருந்தார்கள். அதிபர் நித்திரை.

நான் ஒன்றையும் பார்க்கவில்லை. தங்கமான பிள்ளை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சரணம் வந்தபோதுதான், அப்பாவின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தலையை நிமிர்த்தினேன். மேடை வெளிச்சம் கண்ணில் அடித்தது. முன் வரிசைக்கு அப்பால் ஒரே இருட்டு. முன் வரிசையில் எல்லோரும் கதிரையில் இருக்கிறார்கள். அதற்குப் பின்னால், வெளிச்சம் முடிகிற இடத்தில், ஒரே ஒரு வெள்ளை வேட்டி எழுந்து நிற்கிறது. அதுவும், நின்றுகொண்டு வாசல் பக்கம் திரும்புகிறது. (பின்னால் நிற்கிறவர்கள் இன்னும் நிற்கிறார்களா, இருக்கலாமா என்று பார்க்கத்தான் திரும்பினாராம்.)

எனக்கு உலகம் முடிந்துவிட்டது. பேசாமல் வாசியும் என்று அவள் சொன்னது நினைவிருந்தது. அப்பா போனால் போனதுதான் என்பதும் நினைவிருந்தது. கிருபா இல்லாத ஒரு வாழ்க்கையை அந்த ஒரு கணத்தில் முழுவதும் பார்த்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது தாங்கக்கூடியதாக இருக்கவில்லை.

பாய்ந்தேன்.

பேஸ் கழுத்தில் தொங்குகிறது, அதன் வயர் அம்ப்ளிஃபயரில் இருக்கிறது. நான் மேடைப் படியில் இறங்க அம்ப்ளிஃபயர் என் பின்னாலேயே நாலடி வந்து, குப்புற விழுந்தது. அதிபர் விழித்துக்கொண்டார். ஜெறி நிறுத்தினான். கிருபா நிறுத்தினாள். ரீச்சர் நிறுத்தவில்லை. இடையில் பாடகருக்குத் தொண்டை அடைத்தாலும் பாதிரியாருக்கு மயக்கம் வந்தாலும் ஓர்கன் நிற்கக்கூடாது என்பது அவருடைய பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக வாசித்துக்கொண்டே இருந்தார். தங்கைமார் இருவரும் கண்ணை மூடி "ஊ..." என்று இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த அடக்கமான பின்னணி இசையில், நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தியது மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, போகாதேங்கோ! இருங்கோ! இன்னும் ஏழு பாட்டு இருக்கு! நான் கட்டினால் கிருபாவைத்தான் கட்டுவன், இல்லாட்டி ஒருத்தரையும் கட்டமாட்டன்! அப்பா, போகாதேங்கோ!"

பாட்டின் முடிவு வந்துவிட்டது என்று ஓர்கனுக்குத் தெரிந்தது. மூன்று குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கின.

"ஆ...மென்."

இடது பக்கம் முழுவதும் சரசரவென்று கதிரைகளில் இருந்துவிட்டது. அதைப் பார்த்து வலது பக்கமும் இருந்தது. மண்டபத்தில் இப்போது நிற்பது இரண்டே பேர், நானும் அப்பாவும். இருட்டுக்குள் அத்தனை தலைகள் இருந்தன என்பதும், அத்தனையும் இவ்வளவு நேரம் நின்றன என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரீச்சர் கண்ணைத் திறந்தார்.

"விடடா கையை," என்றார் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் எழும்பினவை. நான் மட்டும் குந்திக்கொண்டு இருக்கிறதோ?"

நிலம் வெடிக்காதா என்று கதைகளில் எழுதுவார்கள். வெடிக்காது. பள்ளிக்கூட மண்டபம், நல்ல சீமெந்து. அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றிருப்பேனோ, மேடையில் இருந்து மைக்கில் கிருபாவின் குரல் வந்தது.

"முகுந்தன்."

திரும்பினேன்.

"மேடைக்கு வாரும். ரெண்டாம் பாட்டு."

அவள் குரல் ஆடவில்லை. ஆனால் கண் நிறைந்திருந்தது. அது வெட்கத்தால் வந்ததல்ல, கோபத்தால் வந்தது என்று பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது. "என்ரை பாட்டின்ரை கடைசி வரி ஒருத்தருக்கும் கேக்கேல்லை," என்று மைக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "அதை அப்பாவுக்கு எண்டு எழுதினனான்." எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. என் அப்பாவை மறிக்க ஓடியதில் அவளுடைய அப்பாவுக்கான வரியைக் கெடுத்திருந்தேன். வேறொரு பெண்ணாக இருந்தால் மேடையை விட்டு இறங்கிப் போயிருப்பாள். கிருபா சுருதி பார்த்தாள்.

ஜெறி அம்ப்ளிஃபயரை நிமிர்த்தி வைத்தான். ரீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு இரண்டாம் பாட்டைத் தொடங்கினார். அது ஆடவைக்கிற மாதிரியான பாட்டு. அன்றைக்கு அதை யாரையோ அடக்கம் பண்ணுகிற வேகத்தில் வாசித்தார். கடைசிச் சுரத்தை நீட்டினார், மண்டபம் எழுந்தது. அப்பாவும் எழுந்தார். எழுந்தவர் நேரே என்னைப் பார்த்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அமர்த்திக் காட்டினார். போகவில்லையடா, பேசாமல் வாசி என்று அர்த்தம். எட்டுப் பாட்டுக்கும் எழுந்தார், எட்டு ஆமெனுக்கும் இருந்தார். ஒவ்வொரு முறையும் எழும்பும்போது அதே கையால் எனக்கு அதே சைகை.

முடிந்ததும் பற்றிஸும் ரோல்ஸும் ரீயும் கொடுத்தார்கள். நான் மேடைக்குப் பின்னால் ஒளித்திருந்து வயர் சுற்றினேன். ஒரே வயரைப் பல முறை சுற்றினேன். திரைக்கு அந்தப் பக்கம் அப்பாவும் ரீச்சரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள்.

"ஐயா, எனக்கு இது ஒண்டும் தெரியாது," என்றார் ரீச்சர்.

"எனக்குத் தெரியும் ரீச்சர். ஆனால் நான் ஒண்டும் சொல்லேல்லை இன்னும்."

"நானும் ஒண்டும் சொல்லேல்லை."

"நீங்கள் ஆமென் சொன்னியள்."

பவளம் அன்ரியின் குரல் குறுக்கே வந்தது. "அது வாய்ப்பழக்கம் ஐயா."

"எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் யோசிச்சுத்தான் சொல்லுவன்," என்றார் அப்பா. ரீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "பிள்ளை நல்லாய்ப் பாடுது. இவன் மாடு மாதிரிக் கத்தினதுக்குப் பிறகும் பதறாமல் நிண்டு பாடிச்சுது பாருங்கோ. உங்கடை பெட்டி வாசிப்பும் நல்லாயிருக்கு. நீங்களும் நிப்பாட்டேல்லை."

"நீங்கள் எட்டுப் பாட்டுக்கும் எழும்பி நிண்டியள்," என்றார் ரீச்சர். "எங்கடை ஆக்களே கடைசிப் பாட்டுக்கு முழங்கால் நோகுதெண்டு இருந்திட்டினம். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

மறுபடி ரீ உறிஞ்சுகிற சத்தம்.

"வாற கிழமை எங்கடை வீட்டுப் பக்கம் வாங்கோ," என்றார் அப்பா. "மரக்கறிச் சாப்பாடுதான்."

வயர் என் கையில் இருந்து விழுந்தது. பல வாரத்து 'ம்' அதோடு முடிந்தது.

எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். கோயிலிலா சபையிலா, தாலியா மோதிரமா, முதலில் எது என்று இரண்டு பக்கமும் கோதாரி விழுந்த சண்டை நடந்தது. அது வேறு விஷயம். கிருபா கோபம் ஆறி என்னோடு கதைக்க எடுத்த காலத்தைவிட அது சீக்கிரம் தீர்ந்தது. கடைசியில் அவள் கதைத்தது, எனக்குத் தண்டனை முடிவு பண்ணிய பிறகுதான். மண்டபத்தில் ஜெறி பதிந்த அந்த முதற் பாட்டை, என் அலறலும் அம்ப்ளிஃபயர் விழுந்த சத்தமும் ஆமெனும் அப்படியே இருக்க, தொகுப்பில் ஒன்பதாவது பாட்டாகச் சேர்த்துவிட்டாள். தயாரிப்பாளர் ஆட்சேபித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. இன்றைக்குத் தொகுப்பில் ஆகக் கூடுதலாகக் கேட்கப்படுவது அதுதான். கனடாவில் கலியாண வீடுகளில் அதைப் போட்டு எல்லோரும் எழுந்து நிற்கிறார்களாம். கிருபா உயிரைக் கொடுத்துப் பாடிய மற்ற எட்டும் அதற்குப் பின்னால்தான் நிற்கின்றன. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது, அவளுக்குச் சிரிப்பு.

வீட்டில் நான் தப்பவே இல்லை. அப்பா தண்ணீர் குடிக்க எழும்பினாலும், முற்றத்தில் காயப்போட்ட வேட்டி எடுக்க எழும்பினாலும், யாராவது ஒருவர் என் குரலில் "அப்பா, போகாதேங்கோ!" என்று கத்துவார்கள். அம்மா கத்துவார், கிருபா கத்துவாள். ரீச்சர்கூட, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் சேருகிறபோது, சுருதி சுத்தமாகக் கத்துவார். அப்பா ஒரு முறையும் சிரித்ததில்லை. "விடடா கையை," என்று மட்டும் பதில் சொல்வார்.

நாங்கள் இப்போது கொழும்புத்துறையில் கிருபா வீட்டில் இருக்கிறோம், மகளுக்கு நாலு வயது. அவள் என் அப்பாவை அப்பப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அவர் சண்டிலிப்பாய் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கதிரையைப் பிடித்து மெல்ல எழும்பினால் மட்டும், எங்களிடம் கேட்டுப் பழகியபடியே, "அப்பா, போகாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கையைப் பிடிப்பாள். நாங்கள் சிரிப்போம். அவள் சிரிப்பதில்லை. அது பகிடி என்று அவளுக்கு இன்னும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பா அவள் பிடித்த கையைப் பார்ப்பார், என்னை ஒரு முறை முறைப்பார், பிறகு திரும்பவும் கதிரையில் இருந்துவிடுவார். பஸ் போய்விடும்.